கீழ் ஓரம்

வெட்டியது நான்தான்.
அடியில் ஒரு விரற்கடை.
சதுரத்துக்குள் அடங்கவில்லை படம்,
அவ்வளவுதான், வேறு வஞ்சம் இல்லை.

படகில் ஒரு கதவு நிற்கிறது.
சாயவில்லை, படுக்கவில்லை, நிற்கிறது.
பச்சை அடித்த கதவு,
கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.
அதற்குப் பின்னால் துடுப்புப் போடுகிறவரின்
கம்பளித் தொப்பி மட்டும்.
சுற்றிலும் சிலோயேத் தீவுகளின் மழை,
கடல் எதுவரை, வானம் எதிலிருந்து என்று
யாரும் கேட்டுக்கொள்ளாத ஆகஸ்ட் காலை.
கீழ் ஓரத்தில், எறும்பளவு வெள்ளை எழுத்தில்:
நோர்மா ஒயார்சூன், கின்சாவோ.

அந்த எறும்புகளைத்தான் தட்டிவிட்டேன்.

காஸ்த்ரோ மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
இடது வலது குறி வைத்து,
பெயரும் தேதியும் பதித்து,
இரண்டு தடவை பார்த்த பிறகே அனுப்புவேன்.
ஒருமுறை பெயர் விழாமல் வந்த தாடை எலும்பை
மூன்று வார்டு ஏறி இறங்கி
உரியவரிடம் சேர்த்திருக்கிறேன்.
பெயர் இல்லாத எலும்பு யாருக்கு வலிக்கிறதென்று
மருத்துவர் எப்படி அறிவார்?
பகலெல்லாம் இப்படி இருந்துவிட்டு
இரவுப் பேருந்தில், ஆவி படிந்த ஜன்னலோரம்,
கட்டைவிரலால் ஒருத்தியின் பெயரை அறுத்தேன்.

படம் கிளம்பிவிட்டது.
முதலில் என் சித்தி மகள்.
பிறகு சாந்தியாகோவில் ஒரு யோகா ஆசிரியை,
"உன் கதவை நீயே சும."
பிறகு எந்த நாட்டவரோ ஒருவர்,
"வெள்ளத்தில் மிஞ்சியது இதுதான்."
ஒரு காப்பீட்டு நிறுவனம்.
ஒரு கல்யாணப் பத்திரிகை.
பாதிப் பேர் அடியில் மறக்காமல் எழுதினார்கள்:
ஊர்பேர் தெரியாத கலைஞருக்கு நன்றி.

ஊரும் இருந்தது, பேரும் இருந்தது.

நதிமூலம் பார்க்காதே என்பவர்கள்
பெரும்பாலும் குளித்துத் தலை துவட்டிவிட்டவர்கள்.
நானும் ஈரத் துண்டோடுதான் இருந்தேன்.

அவளைக் கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது.
வெட்ட இரண்டு நொடி.
இடையில் ஏழு மாதம் என்ன செய்தேன்
என்று கேட்காதீர்கள்.

நோர்மா எழுதவில்லை, பேசி அனுப்பினாள்.
சிப்பி ஆலையில் கணக்கெழுதுகிறாளாம்,
பின்னணியில் ஓடுகள் கொட்டும் சத்தம்.
"அது கக்கூஸ் கதவு," என்றாள் முதலில்.
"ஆலாவோ தீவு மருந்தகத்துக்கு.
பழையதைக் காற்று கொண்டுபோய்விட்டது.
தொப்பிக்காரர் எவாரிஸ்தோ சிகுவாய்."
ஓடுகள் கொட்டின.
"என் பெயரைப் போட்டேன்,
அவர் பெயரைப் போட எனக்கும் தோன்றவில்லையே.
உங்கள் மீது மட்டும் எப்படிக் கோபப்படுவது?
கொஞ்சம் படுகிறேன்."

ஞாயிறன்று அவரிடம் போனாளாம்.
படத்தைக் கையில் வாங்கிய எவாரிஸ்தோ
தன்னைத் தேடவில்லை,
கதவு கோணாமல் நின்றதா என்று பார்த்தார்.
"எழுதுவதானால்
படகு செய்த என் மைத்துனனையும் எழுது.
லௌத்தாரோ. இரண்டு பணம் இன்னும் பாக்கி."

எழுதினேன்.
முழுப் படம், வெட்டாத ஓரம்,
மூன்று பெயர், ஒரு கழிப்பறை.
முப்பத்தொரு பேர் பார்த்தார்கள்.

எடுத்துப் போனவர்களில்
கைக்கு எட்டிய இருநூறு பேருக்கு எழுதினேன்.
ஒன்பது பேர் திருத்தினார்கள்.
யோகா ஆசிரியை வருந்தினாள்,
அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று.
காப்பீட்டு நிறுவனம்
சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பியது.
பத்திரிகை அடித்த புது ஜோடி மட்டும் கேட்டது:
"கதவு மாட்டியாயிற்றா?"

எனக்குத் தெரியவில்லை.
நோர்மாவைக் கேட்டேன், அவள் அவரைக் கேட்டாள்.
ஐந்து நாள், கடல் சரியில்லை.

மாட்டியாயிற்றாம்.
அடியில் ஒரு விரற்கடை அதிகமாக இருந்ததாம்.
இழைப்புளி கையில்தான் இருந்தது என்றாராம்,
ஆனால் கதவு வேறொருவர் செய்தது,
கேட்காமல் எப்படிச் சீவுவது?
நிலைப்படியைத்தான்
கொஞ்சம் இறக்கினாராம்.