அட்ஜஸ்ட்

பாளையங்கோட்டை குடும்ப நீதிமன்றத்தில்
இன்று பதினோரு தடவை தட்டச்சினேன் அந்தச் சொல்லை.
மாமியார் வாயில் நான்கு, வக்கீல் வாயில் ஆறு.
நீதிபதி ஒன்று, இருமலுக்கு நடுவே.
இசக்கித்தாய் ஒருமுறையும் சொல்லவில்லை.

மதியம்
வலக்கையில் தயிர்ச்சோறு, இடக்கையால் அகராதி.
லத்தீன் வேரில்
'பக்கத்தில் சேர்' என்று மட்டும் கிடந்தது.
யாரை, யார் பக்கத்தில்?
அச்சடித்தவனுக்கும் தெரியாது போல.

ஆறு மணி முக்கூடல் பஸ்.
மூவர் சீட்டில் நாங்கள் மூவர்.
கட்டைப்பையும் குத்துப்போணியுமாக ஏறினாள் அவள்.
"எக்கா, செத்த அட்ஜஸ் பண்ணிக்கிடுதியளா?"

பன்னிரண்டு.

நகர்ந்தோம்.
சுத்தமல்லி விலக்கு தாண்டியும்
அவள் இடுப்பெலும்பு
என் இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது.