இருபத்தெட்டுப் புள்ளி

மார்கழி. ஐந்தே முக்கால்.
கொடுங்கையூர் மொட்டை மாடியில்
பனி இறங்கிய கத்தரி இலைக்கு அடியில்
பாதியாய் வெட்டிய தண்ணீர் பாட்டிலை
ஏந்தி நிற்கிறேன்.
உள்ளே இரண்டு விரற்கடை சோப்புத் தண்ணீர்.

வெயில் ஏறிவிட்டால் பறந்துவிடும்.
இப்போது குளிரில் மந்தம்.
காம்பை ஒரு தட்டுத் தட்டினால்
காலை மடக்கிக்கொண்டு
செத்ததுபோல் விழும்.
அந்த நடிப்பு அதைக் காப்பாற்றும்,
கீழே மண் இருந்தால்.
கீழே நான் இருக்கிறேன்.

நரம்பை விட்டுவிட்டுப்
பச்சையை மட்டும் சுரண்டியிருக்கிறது,
அவசரமே இல்லாமல்.
இலையைக் கண்ணுக்கு நேரே பிடித்தால்
அந்தப் பக்கம்
குப்பைமேட்டுப் புகை தெரிகிறது.

"மருந்து வாங்கி ஒரு அடி வுடும்மா, ஒரே நாள்ல காலி"
என்றார் வீட்டுக்காரர் எத்திராஜ்.
தொட்டிகளால் தளம் ஒழுகுகிறது என்பதை
வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்.
அடித்த காயை யார் தின்பது என்றேன்.
"கோயம்பேட்டுல வாங்கினா மட்டும்?" என்றார்.
பதில் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு தவறு செய்தேன்.
அவரைக்கொடியில் சிவப்பாய்
பத்துப் பன்னிரண்டு.
புள்ளி இருந்தால் எதிரி என்று
அத்தனையையும் முக்கினேன்.
நான்காம் நாள்
கொழுந்தெல்லாம் அசுவினி, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை.

எதிர்மாடியில் துணி காயப்போட வந்த ஷம்ஷாத்
கையிலிருந்த கிளிப்போடு
தலையில் அடித்துக்கொண்டாள்.
"அசுவினியத் தின்ன வந்ததுங்க அதுங்க!
பளபளன்னு இருந்தா நம்ம ஆளு.
மங்கலா, முதுகுல பூனை முடி மாதிரி இருந்தா
அதான் இலை தின்னி.
இருபத்தெட்டுப் புள்ளி இருக்கும், எண்ணிப் பாரு."

எண்ணினேன்.
வீடுவீடாய் ஏறி மீட்டர் கணக்கெடுக்கிறவள் நான்.
ஓடுகிற முதுகில்
மூன்று தடவை தப்பியது.

இப்போது பழகிவிட்டது.
இலையைத் திருப்பி
மஞ்சள் முட்டைக் கொத்தை நகத்தால் நசுக்குவது,
முள் முளைத்த புழுவை ஈர்க்குச்சியால் தள்ளுவது.
சனிக்கிழமை மாலை வேப்பெண்ணெய்;
அன்று இரவு என் தலையணையும் கசக்கும்.
மூலையில் தானாக முளைத்த மணத்தக்காளியை
அவற்றுக்கென்று விட்டுவைத்தேன்,
அங்கே போய்த் தின்னட்டும் என்று.
போயின.
தின்றுவிட்டுத் திரும்பியும் வந்தன.

இன்று முப்பத்தொன்று.
தண்ணீரில் நனைந்த பிறகு
எல்லாமே பளபளக்கின்றன.

மின்வாரிய அலுவலகம், ஒன்பது ஐம்பத்தெட்டு.
வருகைப் பதிவு இயந்திரத்தில்
கட்டைவிரலை வைக்கிறேன்.
வண்டு விட்ட மஞ்சள்
இன்னும் ரேகைக்குள் இருக்கிறது.

அடையாளம் காண இயலவில்லை, என்கிறது.
விரலைத் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கவும்.

பின்னால் வரிசை நீள்கிறது.
முந்தானையில் துடைக்கிறேன்.
மீண்டும் வைக்கிறேன்.