கொம்பு

இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்
பதினோராவது பெயர் சேவுகன்.
அவன் எழுதும்போது மட்டும்
அந்தப் பெயர் வேறு மாதிரி நிற்கும்:
முதலில் ச.
அதன் பின்னால் இரட்டைக் கொம்பு,
பாவம், அடுத்திருக்கும் 'வு'வை முட்டியபடி.

ஜூனிலிருந்து நவம்பர் வரை
நாற்பத்திரண்டு முறை சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன்.
குறிப்பேட்டில் 'கவனம் இல்லை' என்றெழுதினேன்.
அடுத்த மாதம் 'அக்கறை இல்லை.'
"விடுங்க டீச்சர்,
அஞ்சாப்பு போறதுக்குள்ள தானா வந்துரும்"
என்றார் தலைமையாசிரியர்.
தானாக வந்தது வயிற்றுவலி.
தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் மட்டும்
வரும் வயிற்றுவலி.

வியாழக்கிழமை ஜெசிந்தா வந்தாள்.
சாக்கோட்டை ஒன்றியத்தில் அவளுக்குப் பதினேழு பள்ளிகள்,
ஒரே ஸ்கூட்டி.
நோட்டைப் புரட்டியவள்
அவனை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்:
"சே-ன்னு மெதுவாச் சொல்லுங்க டீச்சர்.
நாக்கு முதல்ல எங்க போச்சு?"
ச்.
"அப்புறம்?"
ஏ.
"அந்த வரிசையிலதான் எழுதியிருக்கான்."

புதுவயலின் அத்தனை அரிசி ஆலைகளும்
வெளியே ஓடிக்கொண்டிருந்தன.
எனக்கு முப்பத்தொரு வயது.
என் வாய்க்குள் நடப்பதை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முன்னே முளைத்த காதைவிடப்
பின்னே முளைத்த கொம்பு பலம் என்பார்கள்.
நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது,
காதுக்கோ அது பின்னால்தான் வருகிறது.
இந்தச் சங்கடத்தை
எந்தப் பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை.
யாரும் எனக்குச் சொன்னதுமில்லை.

சுவரில் மாட்டியிருந்த இருநூற்று நாற்பத்தேழையும்
அவன் கண்ணில் படாமல் திருப்பி வைத்தேன்.
ஆறு எழுத்துகள் போதும் இப்போதைக்கு.
ஆலைக் களத்தில் நெல் துழாவும் அவன் அம்மா செங்கமலம்
ஒரு பை தவிடு கொண்டுவந்து கொடுத்தாள்.
எவர்சில்வர் தட்டில் தவிடு,
தவிட்டில் அவன் விரல்.
முதலில் சத்தம்.
சத்தத்தை இரண்டாக உடைக்க ஒரு கைதட்டல்.
அப்புறம் எழுத்து.
நீல அட்டையில் வெட்டிய கொம்பு
கடைசியில் நடந்துபோய் முன்னால் நிற்கும்.
"ரேஷன் கடையில மாதிரி டீச்சர்,
பின்னாடி வந்துட்டு முன்னாடி நிக்குது" என்றான்.
அதைவிட நல்ல இலக்கணம்
எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
போன வாரம் வந்த 'பெ'
இந்த வாரம் இல்லை,
மின்விசிறி போட்ட தவிடு போல.
ப-வும் ம-வும் ஒன்றையொன்று
இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன.
மறுபடி தட்டு, மறுபடி கைதட்டல்,
சாப்பாட்டு மணிக்கு முன் பத்து நிமிடம்,
ஒரு நாளும் விடாமல்.

பிப்ரவரியில் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில்
கடைசி ஊர்ப் பலகையைப் பார்த்தபடி நின்றான்.
கோ... ட்... டை...
கோட்டை!
கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.
'யூர்' பஸ்ஸோடு போய்விட்டது.

அந்தப் பழைய நோட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
அவன் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

இந்த ஜூனில் ஒண்ணாப்புக்கு
மெய்யம்மை வந்திருக்கிறாள்.
ம போட்டுவிட்டு,
சற்று யோசித்து,
பின்னால் ஒரு கொம்பு போடுகிறாள்.
சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத்
தட்டைத் தேடுகிறேன்.
அவளுக்கு இன்னும்
வயிறு வலிக்கத் தொடங்கவில்லை.