காலையின் முதல் நீர்

"அப்பா, சிவப்பா வருது" என்றாள்.
படலுக்கு அந்தப் பக்கம்
மணலில் ஒரு சின்னப் பள்ளம்.
டார்ச் அடித்தேன்.
மூக்கையூர் மணல் எதையும் நொடியில் குடித்துவிடும்.
அதற்குள் பார்த்துவிட்டேன்.

ரத்தம் எனக்குப் புதிதில்லை.
திருக்கை முள் ஏறிய காலை
நடுக்கடலில் நானே பிளேடால் கீறி
டீசல் துணியால் கட்டியிருக்கிறேன்.
இது வேறு.
இறைச்சி கழுவிய தண்ணீரின் நிறம்.
வயது ஏழு.

பக்கத்து வீட்டு லூர்து
"பீட்ரூட் தின்னாளா" என்றாள்.
"சூடுதான், வெந்தயத்தை ஊறப்போடு" என்றான்
ஐஸ் பெட்டி ஏற்ற வந்தவன்.
பிரிஜித் எதுவும் சொல்லவில்லை.
பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்க்
கதவைச் சாத்தினாள்.
அந்தக் கேள்வியை
நான் கேட்க முடியாது என்று
அவளுக்குத் தெரியும்.

வெளியே நண்டுவலையின் மிதவைகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு.
திரும்ப எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
ஊரிலிருக்கிற ஒவ்வொரு ஆம்பளை முகமும்
வந்து வந்து போனது,
என் தம்பி முகமும்.
அவனிடம் இன்னும் நான்
மன்னிப்புக் கேட்கவில்லை.
எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்.

கதவு திறந்தது.
இல்லை என்று தலையாட்டினாள் பிரிஜித்.
அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலையின் முதல் நீர் வேணும்,
நடுவுல வர்றதைப் பிடிங்க"
என்று சாயல்குடி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.
பிடித்தோம்.
வெதுவெதுப்பான அந்தப் புட்டியைச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஐந்தே முக்கால் பஸ்ஸில் நின்றேன்.
மூடியில் ஜெனிலா என்று
பேனாவால் எழுதியது வியர்வையில் கரைந்தது.
ஒவ்வொரு திருப்பத்திலும்
அதைக் கையால் பொத்திக்கொண்டேன்,
பிறந்த அன்று அவள் தலையைத் தாங்கியதுபோல.
பக்கத்தில் நின்றவர்
"நெஞ்சு வலியா தம்பி" என்றார்.
ஆமாம் என்றேன்.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் முடிந்து
டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை,
அவளைத்தான் பார்த்தார்.
"பள்ளிக்கூடத்துல எத்தன தடவ ஒண்ணுக்குப் போவ?"
"போக மாட்டேன்."
"ஏன்டா?"
"கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்ல.
பையங்க கதவத் தள்ளிட்டு ஓடுவாங்க."
"தண்ணி குடிப்பியா?"
"குடிச்சா வருமே."

எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்
குடம் பன்னிரண்டு ரூபாய்.
சாயங்காலம் அவள் பாட்டில்
கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பும்.
"நல்ல பிள்ள, வீணாக்காத பிள்ள" என்று
நான்தான்
அதைத் திரும்பக் குடத்தில் ஊற்றுவேன்.
ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை,
ஜூன் மாதத்திலிருந்து.

உள்ளே புண். வலப்பக்கம் சின்னதாக ஒரு கல்,
கேழ்வரகு அளவு என்று விரல்நுனியில் காட்டினார்.
கரைந்துவிடும், மருந்து இருக்கிறது,
தண்ணீர்தான் முக்கியம்.
நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.
கேட்க நினைத்த எதையும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில்
சாயல்குடி இரும்புக்கடை.
இரும்புத் தாழ்ப்பாள் எண்பது.
"உப்புக்காத்துக்கு ஆறு மாசம் வராது,
பித்தளை எடுங்க" என்றான்.
பித்தளை இருநூற்று அறுபது.
பையில் பஸ் காசு போக இருநூற்றுப் பத்து.
இரும்பையே எடுத்தேன்,
எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

தலைமையாசிரியை
மனு எழுதித் தரச் சொன்னார்.
எழுதித் தந்துவிட்டு
திருப்புளியை எடுத்தேன்.
கதவின் கட்டை இற்றுப்போயிருந்தது.
நாலு திருகாணியில் மூன்றுதான் பிடித்தது.
பிரிஜித் உள்ளே போய்
சாத்தி, திறந்து, சாத்திப் பார்த்தாள்.

பதினோரு நாளாயிற்று.
ராத்திரி எழுந்தால் நானும் எழுவேன்.
படலருகே நின்று
மணலில் விழும் சத்தத்தைக் கேட்பேன்,
முன்பைவிட நீளமாகக் கேட்கிறது.
நேற்றும் டார்ச் அடிக்கப் போனேன்.

"வெள்ளையாத்தான் வருதுப்பா" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து,
"லைட்ட அங்கிட்டுத் திருப்பு."