ஒன்றுவிட்ட எண்கள்

மத்தியான மழையில்
கடைசிப் பார்சலின் முகவரி கரைந்துவிட்டது.
ஹஸ்னா என்ற பெயர் தப்பித்தது,
ஒன்பதாம் மாடி என்பதும்.
அஞ்சல் எண்ணில் ஐந்து இலக்கம் தெளிவு:
ஐந்து, ஒன்று, சுழியம், ஐந்து, ஒன்று.
ஆறாவது, மையில் முழுகிய ஒரு பொட்டு.
சுழியமாக இருக்கலாம். ஒன்றாகவும் இருக்கலாம்.
போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை.

சுழியம் என்றால் புளோக் 510.
அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
ஆறு வருஷமாக வேன் ஓட்டுகிறேன்.
லிஃப்ட் வரும்வரை வேறு வேலையில்லை,
அஞ்சல் எண்களை உடைத்துப் பார்ப்பேன்.
பெரும்பாலும் ஓர் இரண்டோ மூன்றோ கழன்று விழும்,
பிறகு வாயே திறக்காத ஒரு பெரிய பகா எண்.

510510 அப்படியில்லை.
ஐம்பத்தொன்று பாசிர் ரிஸ்,
இடம் நிரப்ப ஒரு சுழியம்,
அப்புறம் புளோக்.
யாரும் திட்டமிடாமலே
ஒரே மூன்று இலக்கம் இருமுறை வந்துவிட்டது.
இருமுறை வந்தால் ஆயிரத்தொன்றால் வகுபடும்.
ஈவு ஐந்நூற்றுப் பத்து. அதற்குள்
இரண்டு, மூன்று, ஐந்து,
பிறகு ஒரே தாவலாய்ப் பதினேழு.
நடுவில் மூன்று நாற்காலி காலி.
ஆயிரத்தொன்றைப் பிளந்தேன்:
ஏழு. பதினொன்று. பதின்மூன்று.
லிஃப்ட் திறந்து, மூடி,
என்னை விட்டுவிட்டு மேலே போனது அன்றைக்கு.

முதல் ஏழு பகா எண்களும் ஒரே கூரையின் கீழ்,
ஆளுக்கு ஒரு தடவை.
இதைவிடச் சிறிய எந்த எண்ணும்
ஏழு வெவ்வேறு பகா எண்களைச் சேர்த்து வைத்ததில்லை.
714ஐ 715ஆல் பெருக்கினாலும் இங்கேதான் வருவீர்கள்:
அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள்
ஏழு பேரை நாலும் மூன்றுமாய்ப் பங்கு போட்டுக்கொண்டு,
ஒருவரைக்கூடப் பொதுவில் வைக்காமல்.

ஒன்பதாம் மாடியில் திரு. கோ
கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார்.
அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு
மாடி முழுக்க விசாரித்துவிட்டு வந்தார்.
ஹஸ்னா இல்லை.

அப்படியென்றால் ஒன்று.
510511. இதன் ஒன்றுவிட்ட தங்கை.
அந்த ஏழு பேரில் யார் வகுத்தாலும் மீதி ஒன்று,
அதனால் அது பகா எண் என்றே
கொஞ்ச நாள் நம்பியிருந்தேன்.
தப்பு.
வரிசையில் எட்டாவதாய் நின்ற பத்தொன்பது,
இங்கே இடம் கிடைக்காத பத்தொன்பது,
பக்கத்து புளோக்கில் குடியிருக்கிறது,
தொண்ணூற்றேழோடும்
இருநூற்று எழுபத்தேழோடும்.
அந்த இரண்டைப் பிரித்தெடுக்க
மூன்று லிஃப்ட் பிடித்தது.

ஈரத் தலையோடு கதவைத் திறந்தார் ஹஸ்னா.
"510ல் தேடினீங்களா? எல்லாரும் முதல்ல அங்கதான் போவாங்க."
கையெழுத்து வாங்கினேன்.
பெட்டிக்குள் ஏதோ உருண்டது.

எண்களுக்கு ஈவு உண்டு, இரக்கம் கிடையாது என்பார்
என்னோடு பதினோரு வருஷம் இருந்தவர்.
நடைபாதைக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது.
வேன் காலி.

யீஷூனில் என் வீட்டு அஞ்சல் எண்ணை மட்டும்
இன்றுவரை உடைத்ததில்லை.
இரண்டால் வகுபடும், பார்த்தாலே தெரிகிறது.
அதற்கு மேல் போகவில்லை.