நெல்டன்

இரவு ஷிப்ட் முடிந்த கேன்டீனில்
யாரோ விட்டுப்போன சனிக்கிழமைப் பேப்பர்.
காப்பிக் கோப்பையின் ஈர வட்டம்
லிஸெத்தின் படத்தில்
சரியாகக் காதுக்கு மேல்.
முதல் நாவல். மூன்று நட்சத்திரம்.

நாவலை நான் வாங்கியிருக்கவில்லை.
அதில் நான் இருப்பதாகத் தங்கை ஜாசிராதான் சொன்னாள்.
பெயர் மட்டும் வேறு: நெல்டன்.
வயது பதினேழு, பேக்கரியில் வேலை,
இடது புருவத்தில் ஒரு வெட்டு.
என் வலது புருவத்தைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தெர்ப்ஸ்ட்ரா என்ற ஒருவர் எழுதுகிறார்:
"நடை இளமையானது.
நெல்டன்தான் நம்பும்படி இல்லை.
ரொட்டி அடுக்கும் ஒரு பையன்
எழுபது பக்கம் வாய் திறக்காமல் இருப்பானா?"

இருந்தேன் ஐயா.
மார்கோனி சதுக்கம் போகும் ட்ராமில்
அவள் உட்கார்ந்திருப்பாள்,
நான் எதிரே கம்பியைப் பிடித்து நிற்பேன்.
சொல்ல வேண்டியதைக் க்ரியோலில் யோசித்து
டச்சில் திருப்பி
வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவதற்குள்
நிறுத்தம் வந்துவிடும்.
ராட்டர்டாமில் அந்தக் குளிர்காலம் முழுக்க
நிறுத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரப் பத்திரிகையில் ஓர் அம்மாள்
தீவுகளின் வாசனை போதவில்லை என்கிறாள்.
வெயில் எங்கே, உப்புக் காற்று எங்கே,
ஏக்கம் எங்கே என்று கேட்கிறாள்
ஹோட்டலில் சாம்பார் வராதவள் மாதிரி.
அம்மணி, நாங்கள் இருவரும் பிறந்தது
மாஸ் ஆற்றின் வடகரை ஆஸ்பத்திரியில்.
கேப் வெர்தேயை நான் பார்த்தது ஒரே தடவை,
ஒன்பது வயதில், மூன்று வாரம்.
அதில் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு.
எனக்குத் தெரிந்த வாசனை
நனைந்த அவள் மழைக்கோட்டின் ரப்பர்.
அது இருக்கிறதாம், நாற்பத்திரண்டாம் பக்கத்தில்.

எங்கள் சங்கக் கட்டடத்தில்
செஞ்யோர் அர்மிந்து எழுந்து நின்று கேட்டார்:
"நம் வீட்டுப் பெண்கள்
கடை ஷட்டருக்குப் பின்னால் நிற்பார்களா?
மானத்தை டச்சில் விற்கிறாள்."
பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.
அவருடைய மனைவி மூன்று பிரதி வாங்கிப் போனாள்.

வானொலிக்காரன் ஒருவன்
"ஒரு சமூகத்தின் குரல்" என்றான்.
ஷட்டருக்குப் பின்னால் சமூகம் எதுவும் இல்லை.
மாவு மூட்டைகள் இருந்தன.
நாங்கள் இருவர் இருந்தோம்.
குரலும் இல்லை.

எல்லோரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு.
கடைசிப் பயணம்.
அவள் பையை எடுத்துக்கொண்டு எழுகிறாள்.
நெல்டன் முதல் முறையாகப் பேசுகிறான்:
"இறங்காதே. அடுத்த நிறுத்தமும் நம்முடையதுதான்."

"புத்தகத்தில் உயிரோடு இருக்கும் ஒரே வரி"
இது தெர்ப்ஸ்ட்ரா.
அந்த அம்மாளும் அதையே மேற்கோள் காட்டுகிறாள்.
இரண்டாம் பதிப்பில்
பின்னட்டைக்கே வந்துவிட்டது.

நான் அதைச் சொல்லவில்லை.
அவள் இறங்கினாள்.
கதவு மூடியது.
நான் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்,
டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டி,
ஐம்பது யூரோ கட்டினேன்.

இப்போது துறைமுகத்தில்
கப்பல் மேல் கண்டெய்னர்களை
இரும்புக் கம்பியால் பிணைக்கிறேன்.
எது சரியும், எது நிற்கும் என்று
கைக்குத் தெரியும்.
நேற்றுப் புத்தகம் வாங்கினேன்.
நடந்ததையெல்லாம் நம்ப முடியாது என்றார்கள்.
நடக்காததைப் பார்த்து
இதுதான் உண்மை என்றார்கள்.
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
அந்த வரியை நானும் நம்பினேன்,
ட்ராமிலேயே வைத்து, இரண்டு முறை.

பத்திரிகைக்குத் திருத்தம் ஒன்று
எழுதிப் போடலாமா என்றுகூட நினைத்தேன்.
வெட்டு இடது புருவத்தில் இல்லை,
வலதில்.

அப்புறம் புரிந்தது.
எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு
அது இடதுபக்கம்.