இரண்டணா வசூலிக்க

ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் எனக்கு ராத்திரி செட்டு.
இருபத்தாறு வருசமாக ஊர்களைப் பிரித்துப் போடுகிறேன்.
சேரன்மகாதேவி, களக்காடு, திசையன்விளை.
கை போகும், கண் தூங்கும்.
அதனால்தான் அந்த உறையை
முதலில் வாசித்தது என் கட்டைவிரல்.

பாளையங்கோட்டையில் தபால்தலைக்காரர்கள்
கூடுகிற ஞாயிற்றுக்கிழமை. மரியசூசை சொன்னார்:
"யுத்தகாலத்து உறை. எந்தக் கப்பல்னு தெரியல, அதான் எண்ணூறு.
தெரிஞ்சா மூவாயிரம்லா சொல்லுவேன்."
முன்பக்கம், கப்பலிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்ட ஒரு வட்டம்.
பக்கத்தில் சென்சாரின் சிவப்பு முக்கோணம், உள்ளே ஒரு கிறுக்கல்.
பின்மடிப்பில் கறுப்பு மை, கட்டி கட்டியாக.

மையை யார் வேண்டுமானாலும் பூசலாம்.
தாளில் புடைத்து நிற்பதை என்ன செய்வது?
சி, ஏ, ஆர், வீ,
ஓர் ஈ, இரட்டை என்...
எண்ணூறைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

கார்வென்னாவை எனக்குத் தெரியும்.
என் ஆல்பத்தில் முப்பத்தாறாம் வருசத்து அட்டை ஒன்று:
வெள்ளைக் கப்பல், மஞ்சளாய் இரண்டு புகைபோக்கி,
தலைமேல் 'பாக்கெபோ' என்று பளிச்சென்ற முத்திரை.
மலை எஸ்டேட்டுக்கு வந்துகொண்டிருந்த துரைசானி ஒருத்தி
தங்கைக்கு எழுதுகிறாள்:
பியானோக்காரனுக்குத் தாளம் போதாது,
சூப்பு பரவாயில்லை.

நாற்பதில் அதற்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள்.
பெயரின் மேலும் அடித்தார்கள்.
பியானோ இறங்கியது. ஆடிய மண்டபத்தில்
தூளி தூளியாகப் படுக்கை,
அறுநூறு பேர் போன கப்பலில் மூவாயிரம் பேர்.
எழுதும் அறையின் பழைய உறைகளை மட்டும்
தூக்கியெறிய யாரோ மறந்திருக்கிறார்கள்.
அதில் ஒன்றை எடுத்தவர்
ஹவில்தார் கிளார்க் தே. யோவேல்.

யோ. ஞானப்பூ, மேலத்தெரு, முதலூர்,
சாத்தான்குளம் வழி, திருநெல்வேலி ஜில்லா.
கணக்கு எழுதிப் பழகிய கை. ஒரு அடித்தல் இல்லை.

திருப்பினால் எங்கள் ஆபீஸ் முத்திரை.
நாற்பத்திரண்டு அக்டோபர், ராத்திரி செட்டு.
என் நாற்காலியில் அப்போது இருந்தவர்
எடை போட்டிருக்கிறார். பென்சிலில், ஒன்றரைத் தோலா.
பட்டாளச் சலுகைக்கு மேலே கனம்.
இரண்டணா வசூலிக்க என்று ஊதாவில் குத்திவிட்டார்.
சட்டப்படி சரி.
நானும் குத்தியிருப்பேன்.

குறுக்கே முதலூர் தபால்காரரின் எழுத்து:
கதவு பூட்டு.
மறுநாள் தேதியில், மறுப்பு.

ஐப்பசி. பனை ஓய்ந்த மாசம்,
தேரி நனையும், சட்டி காயும்.
கையில் இரண்டணா இல்லாமல் இருந்திருக்கலாம்.
காசு கேட்கிற சர்க்கார் காகிதம்
கெட்ட சேதியாகத்தான் இருக்கும் என்று பயந்திருக்கலாம்.
போகாதே என்று சொல்லச் சொல்லப் போன மனுசன்
எழுதியது என்றால் நானும்கூட...
தெரியாது. எனக்கு முத்திரைதான் தெரியும்.

அங்கிருந்து சென்னைக்கு, செத்த கடிதங்களின் ஆபீசுக்கு.
கத்தரித்துப் பார்த்து, ஒட்டி,
எழுதியவருக்கே திருப்பியிருக்கிறார்கள்.
பட்டாளத் தபாலாபீஸ் எண் ஒன்று, அதன்மேல் இன்னொன்று,
மூன்றாவதன்மேல் ஒரு கோடு.
கப்பல் சமாதானம் வந்தபின் இரும்பு விலைக்குப் போயிற்று.
யோவேல் என்ன ஆனார் என்று
எந்த முத்திரையும் சொல்லவில்லை.

நேற்று, தூத்துக்குடி பை வருவதற்குள்
காலி உறையைத் தராசில் வைத்தேன்.
ஐந்து கிராம்.
ஒன்றரைத் தோலாவில் கழித்தால் பன்னிரண்டரை.
மெல்லிய தாளென்றால் நாலு, அஞ்சுகூட இருக்கும்.
அவ்வளவு எழுதியிருக்கிறார்,
பியானோவைக் கழற்றிய இடத்தில் உட்கார்ந்து.

காலையில் மரியசூசை போன் பண்ணினார்.
"கப்பல் தெரிஞ்சுதா?"
இன்னும் இல்லை என்றேன்.